கோயில் படியில் ஒரு சிவப்புக் குறி

அக். 8, புதன்

காலையிலிருந்து புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. மழையைக் கூட்டி வரும் வெயில் இது.

இன்றைய வேலை:
– பள்ளத்தெரு மழைநீர் வடிகால். ரோட்டுக்குக் குறுக்கே குழாய் பதித்து மூடியாயிற்று.
– வடிகாலை மூடும் சிலாப்பு வார்க்கக் கம்பி வந்ததா? வந்தது. பாதி துரு.
– குட்டிக்கு வெள்ளை ஷூ. மறந்துவிட்டேன். நாளைக்கும் என் மகள் பள்ளியில் திட்டு வாங்குவாள்.

எத்தனை மாதமாய் இழுத்த வேலை. மேல் பகுதி சித்திரையில், கீழ் பகுதி ஆவணியில். மேலே மூன்று தெருத் தண்ணீர் வடிகாலில் இறங்கி ரசியா அக்கா வீட்டு வாசல் வரை வரும். அங்கே குழாய் வழியாக ரோட்டைத் தாண்டும். எதிர்ப்பக்கம் பெருமாள் கோயில் முன்னால் ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து கீழ் பகுதி கோயில் மதிலை ஒட்டியே போய் ஓடையில் விழும். எங்கே எவ்வளவு உயரம் என்று லெவல் பார்த்துக் கொடுத்தது நான். நகராட்சியில் பணி ஆய்வாளராகச் சேர்ந்த பிறகு முழுக்க என் லெவலில் நிற்கும் முதல் வடிகால். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், இங்கே யார் வந்து படிக்கப் போகிறார்கள்.

ரசியா அக்கா டீ கொடுத்தார். வீட்டிலேயே ஆறு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறார். போன ஐப்பசியில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், ஆறு மோட்டாரும் போயிற்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவர் அண்ணனுக்குத் துணிக்கடை. மாடியில் இடம் இருக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டார். அக்கா சாமான்கூடக் கட்டிவிட்டார். நான்தான் ஆனி மாதம் சொன்னேன்: "இந்த வருசம் தண்ணி வராதுக்கா. நான் சொல்றேன், இருங்க." இருந்துவிட்டார்.

செங்கல் அடுக்கி உயரத்தில் வைத்திருந்த மெஷின்களை இன்று தரையில் இறக்கியிருந்தார்.

"ஒசரத்துல வெச்சுத் தெச்சு இடுப்பே போச்சு கண்ணு. நீ குழாயை மூடுனதைப் பாத்தேன், எறக்கிப்போட்டேன்."

தீபாவளி ஆர்டர். அடுத்த வெள்ளிக்குள் செவ்வாய்ப்பேட்டை போயாக வேண்டும். வீடு முழுக்க வெட்டிய துணி. காலை வைக்க இடமில்லை.

அக். 9, வியாழன்

விடியற்காலை ஒரு தூறல். கால் மணி நேரம்கூட இல்லை. எட்டரைக்கே போய்விட்டேன், என் வடிகாலில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும் ஆசை.

ஓடவில்லை.

ரசியா அக்கா வாசலில் நாலு விரல் தண்ணீர் சும்மா நிற்கிறது. கோயில் முன் தொட்டியிலும் நிற்கிறது. தொட்டியைத் தாண்டிக் கீழ் பகுதி காய்ந்து கிடக்கிறது, துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் போல. பூவரச இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டேன். போட்ட இடத்திலேயே கிடந்தது. ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பைத்தியம் மாதிரி.

கான்ட்ராக்டர்: "புதுக் காங்கிரீட்டுங்க மேடம், உள்ள மண்ணு கெடக்கும். கழுவி உட்டா ஓடுமுங்க."

கழுவினார்கள். ஓடவில்லை.

மேஸ்திரி மாது பீடியைக் காதில் செருகிக்கொண்டு தொட்டியையே பார்த்தார். 

ஷூ வாங்கியாயிற்று. ஒரு சைஸ் பெரிசு. இன்று எதுவும் அளவு சரியில்லை.

அக். 10, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

ஆபீஸ் லெவல் மெஷின் பீரோவில், சாவி வைத்திருப்பவர் லீவில். மாதுவின் டியூப்பை வைத்துப் பார்த்தோம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பொய் சொல்லத் தெரியாத சாமான்.

தொட்டித் தரையைவிடக் கீழ் பகுதி அரை அடி உயரத்தில் ஆரம்பிக்கிறது. என் நோட்டின்படி இரண்டும் ஒரே மட்டம்.

மூன்று தெருத் தண்ணீரும் வந்து அந்த அரை அடியில் முட்டி, திரும்பி, ரசியா அக்கா வாசலில் ஏறும். முன்பாவது தண்ணீர் நாலு பக்கம் சிதறி வந்தது. இப்போது ஊர்த் தண்ணீரை எல்லாம் கைப்பிடித்துக் கூட்டி வந்து அவர் வாசலில் விட்டிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு.

மாதுவிடம் கத்தினேன். "நான் குடுத்தது என்ன, நீங்க போட்டிருக்கறது என்ன?" தெருவே பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து நீட்டினார். பென்சிலில் நான் கொடுத்த எண்கள். அச்சுப் பிசகாமல் அப்படியே கட்டியிருக்கிறார்.

"வாய்க்கா ஒசரத்துல ஆரம்பிக்குதேன்னு அன்னைக்கே பாத்தனுங்க. மண்ணு தங்கறதுக்குத் தொட்டியைப் பள்ளமா வெச்சிருப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சா வாயைத் தொறந்து கேக்க மாட்டீங்களா?"

"மிசினு வெச்சுப் பாத்தவங்க நீங்க. கொத்துக்காரன் வந்து உங்களைக் கேக்கறதுங்களா?"

 நானும் ஆவணிக்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லையே.

லெவல் நோட்டை மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன். கணக்கு சரி. கணக்கு சரியாக இருந்து தண்ணீர் தப்பாக நின்றால் என்ன அர்த்தம்? 

அக். 11, சனி

புரட்டாசிக் கடைசிச் சனி. குட்டியைக் கூட்டிக்கொண்டு பெருமாள் கோயில். கூட்டம். துளசி, கற்பூரம், வேர்வை.

செருப்பைக் கழற்றிவிட்டு மேல் படியில் கால் வைத்தேன். சிலீரென்று வழுவழுப்பு. குனிந்து பார்த்தேன். என் சிவப்புக் குறி. பளபளக்கும் கருங்கல் மேல்.

நான் சித்திரையில் குறி போட்டது சொரசொரப்பான பழைய கல்லில். கை சுட்டது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குறியிலிருந்துதான் வடிகாலின் எல்லா உயரமும் அளப்பது. குறி ஏறினால் அதை வைத்துக் கட்டுவதெல்லாம் ஏறும்.

திருப்பணிக் கமிட்டி நல்லதம்பி அண்ணன் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாங்க அம்மிணி. ரோட்டை ஒசத்திப்போட்டாங்க, சாமி ரோட்டை விடத் தாழ இருக்கலாமுங்களா? அதான் வைகாசியில கும்பாபிசேகத்துக்குப் படி மேல புதுக்கல்லு பதிச்சோம். உங்க குறி அடியில போயிருச்சு. கவருமெண்டுக் குறி அழியப்படாதுன்னு நாந்தான் பெயிண்டரை உட்டு அதே எடத்துல மேல போடச் சொன்னேன்."

நன்றிக்காகக் காத்து நின்றார். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்று சொன்னேன். வேறென்ன சொல்ல. பொங்கல் கையில் சுட்டது.

ஆக: மேல் பகுதியும் தொட்டியும் பழைய குறியில். கீழ் பகுதி புதுக் குறியில். நடுவே அரை அடிக் கருங்கல்.

ஆவணியில் நான் புளியமர நிழலில் மெஷினோடு நின்றேன். அளவுகோல் பிடிக்கிற ஆள் எதிரிலிருந்து "குறியில வெச்சுட்டேனுங்க" என்று கத்தினார். நம்பினேன். நாற்பது எட்டு நடந்து போய்ப் பார்க்கவில்லை. பாலிடெக்னிக்கில் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னார்கள், ஒரு குறியை நம்பாதே, இரண்டு வை என்று. இரண்டாவது வைக்கவே இல்லை. வெயில். சோம்பல். அவ்வளவுதான் காரணம்.

அக். 12, ஞாயிறு

தலைவலி. துணி துவைத்தேன், காயவில்லை.

வீட்டுக்காரர் சத்தீஸ்கரிலிருந்து போன். போர்வெல் ரிக் வண்டியோடு போய் மூன்று மாதம். போர் போடுகிற மனுசனிடம் தண்ணீர்க் கதை சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு:

"நான் இங்க ஆயிரம் அடி எறக்கியும் தண்ணி வாரமாட்டேங்குது. உனக்கு அரை அடியில வந்து நிக்குதா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு அவரே, மெதுவாக: "அந்தக்காகிட்டச் சொல்லிட்டியா?"

இல்லை.

"சொல்லிப்போடு. தள்ளிப்போட்டீன்னா அப்பறம் வாயே வராது."

இவருக்கென்ன, அங்கிருந்து சொல்லிவிடலாம்.

அக். 13, திங்கள்

ஏ.இ.யிடம் (எங்கள் உதவிப் பொறியாளர்) நோட்டை வைத்து எல்லாம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"தீவாளி போகட்டும்மா. மழை நின்னப்பறம் கீழ் பகுதியை ஒடச்சு எறக்கலாம். இப்ப எழுதுனா உனக்கு மெமோ. என் கையெழுத்தும் இருக்குது, எனக்கும் மெமோ."

"மழை வந்தா?"

"போன வருசமும் வந்துச்சு. அப்ப யாரைக் கேட்டாங்க?"

கெட்டவர் இல்லை. ரிட்டயர் ஆக எட்டு மாதம். மேஜையில் மகள் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். "அப்படியே எழுதறதா இருந்தா, கோயில்காரங்க குறியை மாத்திப்போட்டாங்கன்னு எழுது. அது உண்மைதான?" என்றார்.

உண்மைதான். அதுதான் கஷ்டம்.

வெளியே கான்ட்ராக்டர் காத்திருந்தார். காதுக்கு எட்டிவிட்டது போல. "சிலாப்பைப் போட்டு மூடிப்போட்டா உள்ள என்ன இருக்குதுன்னு பெருமாளுக்குத்தானுங்க தெரியும்."

அக். 14, செவ்வாய்

வானம் ஈயப் பாத்திரம் மாதிரி. காற்றில் மண் வாசனை, எங்கோ ராசிபுரம் பக்கம் பெய்கிறது.

மேல் பகுதியில் சிலாப்பு வார்த்தார்கள். நான் நின்று பார்த்தேன். நிறுத்தவில்லை. வேலை முடிந்ததென்று அளவுப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தேதி எழுதினேன். பேரை எழுதவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு நடந்தேன். 

ரசியா அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். "கண்ணு, டீ ஆறுது."

"நேரமில்லக்கா."

மூஞ்சியைப் பார்க்காமல் சொன்னேன். உள்ளே ஆறு மெஷினும் ஓடும் சத்தம். தரையில். திரும்பி வரும்போது அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். திருடி.

அக். 15, புதன்

காலை ஆறு மணிக்கே போனில் எச்சரிக்கை: நாமக்கல், சேலம், நாளை கனமழை.

குட்டியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு நேரே ரசியா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அக்கா, மெசினைத் தூக்கி வெச்சிருங்க. என் லெவல் தப்பு. தண்ணி ஓடைக்குப் போகாது. உங்க வாசல்ல நிக்கும்."

கத்தரிக்கோல் கையில் இருந்தது. கீழே வைத்தார். என்னைத் தாண்டி வடிகாலைப் பார்த்தார். 

"எப்பத் தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கெழமை."

"இன்னைக்குப் புதன்."

தரையில் கிடந்த வெட்டிய துணியைக் காட்டினார்.

"வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா துணியோட அண்ணன் கடைக்குப் போயிருப்பேன். அங்க தெச்சிருப்பேன். இப்ப நாளைக்கு மழைன்னா நான் எங்க போறது மேடம்?"

மேடம். இரண்டு வருடத்தில் முதல் தடவை. தப்பாய் லெவல் பார்த்ததைவிட இந்த அஞ்சு நாள்தான் பெரிய தப்பு. அங்கேயே, அந்த வாசலிலேயே புரிந்தது.

மாதுவுக்குப் போன் போட்டேன். அவர் ஆட்கள் நேற்றே தீபாவளிக்கு ஊருக்குப் போயாயிற்று, அவரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் வெள்ளிக்கிழமை கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை உடுங்க, இப்ப என்ன பண்ணோணும்?" என்றார். அரை மணியில் செங்கல் வண்டியோடு வந்தார். மெஷினைத் தூக்கி அடுக்கினோம், அக்கா, மாது, நான். அக்கா என்னோடு ஒரு மெஷினைக்கூடப் பிடிக்கவில்லை. மாதுவோடுதான் பிடித்தார். துணி மூட்டைகளைக் கட்டில் மேல், பரண் மேல். கடைசி இரண்டு மூட்டைக்கு இடமில்லை, ஸ்டூல் மேல்.

பிறகு ஆபீஸ். ஒரு தாள் எடுத்து எழுதினேன். அரை அடி தவறு, கீழ் பகுதியில் சிலாப்பு போடக் கூடாது, தண்ணீரைத் திருப்ப உடனே வழி வேண்டும். ஏ.இ. மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "உன் இஷ்டம்மா" என்றார்.

அக். 16, வியாழன்

கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி. எழுத்துக் கோணல். எழுதிவிடுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் எதிர்வீடு தெரியவில்லை. மூன்று தெருத் தண்ணீரும் வடிகாலில் இறங்கி, நான் வரைந்தபடியே, என்ன ஒரு ஒழுங்கு, நேராக வந்தது. அரை அடியில் முட்டியது. நின்றது. ஏறியது.

ரசியா அக்கா வீட்டு முதல் படி. இரண்டாம் படி. நிலைப்படி.

தொட்டிக்குப் பின்னால் கோயில் மதில். மதிலுக்குள் கோயில் வளாகம் ஓடைப் பக்கமாகவே சரிகிறது. தொட்டிச் சுவரையும் மதில் அடியையும் உடைத்துவிட்டால் தண்ணீர் வளாகம் வழியாக ஓடைக்குப் போய்விடும். மாது கடப்பாரையோடு நின்றார். ஆனால் கோயில் மதில். உள்ளே வைகாசியில் பதித்த புதுக்கல் தளம். யார் கை வைப்பது?

நல்லதம்பி அண்ணன் குடையோடு ஓடி வந்தார். குடை திரும்பிக்கொண்டது, தூக்கி எறிந்தார். நான் மழையில் கத்தினேன், குறி, படி, அரை அடி, எல்லாம். அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. தானே மேலே போடச் சொன்ன குறி.

எதிரே ரசியா அக்கா வீட்டைப் பார்த்தார். அக்கா முழங்காலில் உட்கார்ந்து வாசலில் சாக்கை அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒடைங்க" என்றார்.

மாது தயங்கினார். "புதுத் தளமுங்க, சாமி குத்தம்..."

"பெருமாளு பாற்கடல்லயே படுத்திருக்கறவரு. அவருக்கு ஒண்ணும் ஆவாது. அந்தப் பொம்பளைக்குத்தான் ஆவும். ஒடைய்யா!"

அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லைப் புரட்டினார். நானும். இடது கை நகம் ஒன்று போயிற்று, அப்போது தெரியவில்லை. எட்டாவது அடியோ பத்தாவதோ, மதில் அடி விட்டது. தண்ணீர் கோயிலுக்குள் பாய்ந்தது. தளத்தில் மண், வைக்கோல், ஒரு ஒற்றைச் செருப்பு. கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போயிற்று.

ரசியா அக்கா வீட்டுக்குள் அதற்குள் நாலு விரல் வந்துவிட்டது. மெஷின்கள் தப்பின. ஸ்டூலோடு ஒரு மூட்டை சரிந்து விழுந்துவிட்டது. முப்பது நைட்டி, மஞ்சள் பூப்போட்டது. அக்கா அதைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் போகவும் இல்லை.

அக். 17, வெள்ளி

வெயில். வெட்கமில்லாத வெயில்.

மெமோ வந்துவிட்டது. மூன்று நாளில் விளக்கம். கோயில் மதிலை யார் அனுமதியில் உடைத்தது என்றும் ஒரு கேள்வி.

பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: "கோயில் திருப்பணியின்போது குறி இடம் மாற்றப்பட்டதால்." படித்துப் பார்த்தேன். ஒரு பொய்யும் இல்லை. மெமோ பாதியாகக் குறையும். அடித்துவிட்டேன். "குறியை நான் நேரில் சென்று சரிபார்க்கவில்லை. இரண்டாவது குறி வைக்கவில்லை. தெரிந்த பின்பும் ஐந்து நாள் சொல்லவில்லை." கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. இருக்கட்டும்.

மதியம் நல்லதம்பி அண்ணன் ஆபீசுக்கே வந்து ஏ.இ.யிடம், "மதிலு எங்குளுது. நாங்கதான் ஒடச்சோம். அம்மிணியை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாராம். பியூன் சொன்னார்.

அக்காவின் நைட்டிகள் சாயங்கால பஸ்ஸில் சேலம் போயின. ஒரு மூட்டை குறைவு.

அக். 18, சனி. ஐப்பசி 1

மழை இல்லை. கீழ் பகுதியை உடைத்து இறக்க உத்தரவு. அதுவரை தண்ணீர் கோயில் வழியே. நல்லதம்பி அண்ணன் மதில் ஓட்டைக்குக் கம்பிவலை அடித்திருக்கிறார், "குப்பை மட்டும் வேண்டாமுங்க."

புதிதாக லெவல். கோல் பிடித்தது மாது, ஊருக்கு நாளைக்குத்தான் போகிறாராம். ஒவ்வொரு இடத்துக்கும் நானே நடந்து போய், கோலின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மெஷினில் பார்த்தேன். நாற்பது எட்டு. போக நாற்பது, வர நாற்பது.

கோயில் படியில் பெயிண்டர் போட்ட குறியை அழித்துப் புதிதாகப் போட்டேன், பக்கத்தில் தேதியோடு. இரண்டாவது குறிக்கு இடம் தேடினேன். கரண்ட் கம்பம், மாற்றிவிடுவார்கள். மைல்கல், சாய்ந்திருக்கிறது. பெயிண்ட் டப்பாவோடு ரோட்டில் நின்றேன்.

ரசியா அக்கா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன தேடறே?"

மேடம் இல்லை. கண்ணும் இல்லை.

"ரெண்டாவது குறிக்கு எடம்க்கா. யாரும் ஏத்தாத, மாத்தாத எடம்."

வாசல் சுவரைக் காட்டினார். முழுக்கக் கழுவியிருந்தார். ஒரே ஒரு இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு சாண் அகலம் விட்டிருந்தார். அங்கே செம்மண் கோடு. வியாழக்கிழமைத் தண்ணீர் வந்து நின்ற கோடு.

"இங்க போடு. நான் இருக்கற வரைக்கும் ஒருத்தரும் மாத்த மாட்டாங்க."

குந்தி உட்கார்ந்து போட்டேன். சிவப்பு கொஞ்சம் வழிந்தது. அவர் குனிந்து முந்தானையால் துடைத்தார்.

"அடுத்த ஐப்பசிக்கு நான் இங்கதான் இருப்பேன். தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்துச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

குறி 1: பெருமாள் கோயில் மேல் படி, புதுக்கல்.
குறி 2: ரசியா அக்கா வீட்டு வாசல் சுவர், தண்ணீர் நின்ற கோடு. நானே போய்த் தொட்டுப் பார்த்தேன்.